வாங்காமல் வந்த கைப்பிடி

இன்னாசியின் இடுப்பை உடைத்தது கடல் அல்ல, கரை. யாராவது கேட்டால் அதைச் சொல்வதற்கே அவருக்குக் கூச்சமாக இருக்கும். புயலில் அடிபட்டது, பாய்மரம் முறிந்து மேலே விழுந்தது என்றால் சொல்லிக்கொள்ள ஒரு கம்பீரமாவது மிஞ்சும். இதுவோ, மீன் பிடித்துத் திரும்பி வத்தைப் படகை மணலில் இழுத்து ஏற்றும்போது அடியில் போட்ட உருளைக்கட்டை வழுக்கி, வத்தை ஒருக்களித்து, ஓரமாக நின்றவரை மணலோடு சேர்த்து அழுத்திவிட்டது. கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட அங்கே தண்ணீர் இல்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு கூடியது. கோணலாகக் கூடியது. இடது கால் மடங்கவும் மாட்டேன் என்றது, தாங்கவும் மாட்டேன் என்றது. கக்கத்துக்கு ஒரு கட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தங்கச்சிமடத்தில் அதற்கு முன் அவருக்கு இருந்த பெயரே வேறு. அவருடைய அய்யா சூசை, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வத்தையில் வலை இழுத்தே போய்ச் சேர்ந்தவர். இன்னாசி மீசை அரும்பிய வயதிலேயே சுக்கானைப் பிடித்துவிட்டார். காற்று திரும்புவதற்கு முன்னால் இவர் பாயைத் திருப்பிவிடுவார் என்று பாம்பன் வரைக்கும் பேச்சு இருந்தது. கரையேறியதும் வத்தைக்காரர்கள் எல்லோரும் தென்னந்தோப்புக் கிணற்றடிக்குப் போவார்கள். அங்கே யாரும் தன் உப்பைத் தானே கழுவிக்கொள்வதில்லை. ஒருவர் தலையில் இன்னொருவர் ஊற்ற வேண்டும். முதல் வாளி சுக்கான் பிடித்தவருக்கு. இன்னாசி வெட்டவெளியில் கோவணத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வாளி வாளியாகத் தலையில் விழும். கிணற்றடி வழியாகப் பெண்கள் குடத்தோடு போவார்கள், வருவார்கள். அவர் நகரமாட்டார். அந்தத் தண்ணீரில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

அதே கிணற்றுத் தண்ணீரை இப்போது வீட்டுக்குப் பின்னால், ஓலைத் தட்டி மறைவில், மனைவி யாகப்பம்மாள் ஊற்றினாள். கைகொடுத்து உட்கார வைப்பாள். ஊற்றுவாள். தேய்ப்பாள். பிறகு இரண்டு கக்கத்திலும் கைகளை நுழைத்துத் தூக்கி நிறுத்துவாள். அவர் நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், அவளோ அவர் நெஞ்சுயரம். தூக்கும்போது அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும். அதைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே இன்னாசி உரக்க இருமுவார். குளித்து முடிக்கும்வரை கண்ணைத் திறக்கமாட்டார். தான் கண்ணை மூடிக்கொண்டால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிற கைக்குழந்தையைப் போல.

ஒருநாள் தூக்கும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். பிறகு பாயில் விழுந்தவள்தான். எண்ணெய் தேய்த்தார்கள், தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். எழுந்து நடமாடலாம், பாரம் மட்டும் தூக்கக் கூடாது என்றார் வைத்தியர். வீட்டில் இருந்த பெரிய பாரம் இன்னாசிதான்.

மகன் எட்வர்ட் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். வீட்டில் மிச்சம் இருந்தது முத்துப்பேட்டையிலிருந்து வாழவந்த மருமகள் புஷ்பமேரி மட்டும். கல்யாணப் புடவையின் கஞ்சிகூட இன்னும் போகவில்லை.

“இனி யாரு ஊத்துறது?” பாயில் படுத்தபடியே கேட்டாள் யாகப்பம்மாள். “புஷ்பத்தைக் கூப்புடட்டுமா? மருமவள்னா மவ மாதிரித்தான?”

“வாய மூடுடி.”

“அப்ப எப்புடிக் குளிப்பீக?”

“குளிக்கல. ஒனக்கென்ன?”

குளிக்கவில்லைதான். ஈரத் துண்டால் எட்டும் இடங்களைத் துடைத்துக்கொண்டார். பங்குனி வெயில். எட்டாத இடங்கள் தம்மைத் தாமே அறிவித்தன. புஷ்பமேரி வீட்டைக் கூட்டிக்கொண்டே அருகில் வந்தால் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் மூக்கைச் சுளித்தாளா என்று பார்க்க ஆசையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். அவள் சுளித்ததே இல்லை. அதுவே அவரைக் குத்தியது. மனசறிந்து அடக்கிக்கொள்கிறாள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார். வாசலை ஒட்டிய பலகை அவருக்கென்று ஆகியிருந்தது. பூசை முடிந்து வெளியே வரும்போது யாக்கோபு பிடித்துக்கொண்டார். ஒரே வத்தையில் பாய் கட்டியவர், இப்போது இன்னாசியின் சுக்கான் அவர் கையில்தான் இருந்தது.

“என்ன மச்சான், கோயிலுக்குள்ள கருவாட்டு மூட்டைய யாரோ வச்சிட்டாகன்னு நானும் தேடுறேன், தேடுறேன். நீதானா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் யாக்கோபு குரலைத் தாழ்த்தி, “வா மச்சான், கிணத்தடிக்கு. நான் ஊத்துறேன். மொத வாளி ஒனக்குத்தான” என்றார்.

கேலியைத் தாங்கிக்கொண்ட இன்னாசிக்கு இது தாங்கவில்லை. கிணற்றடியில் எல்லோரும் நிற்க, தான் மட்டும் தரையில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பதை நினைத்துப் பார்த்தார். “வேல கெடக்கு” என்று சொல்லிவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

அன்று மீன் அலசிக்கொண்டே புஷ்பமேரி மாமியாரிடம் பேச்செடுத்தாள். மாமியாருக்குக் கேட்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசினாள்.

“அத்தை, எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்துச்சுல்ல, அங்கன குளிக்கிறதுக்குன்னே ஒரு அறை. மேல தண்ணிப் பீப்பா, அதுல ஒரு பூவாளி. கீழ ஒக்கார பலகை. சொவத்துல ஒரு கம்பி வச்சிருந்தாக, அதப் பிடிச்சுக்கிட்டு அதுவா எந்திரிக்கும். கடைசி வரைக்கும் அதுவாத்தான் குளிச்சுச்சு. என்னையக்கூட உள்ள விடல.”

“நம்ம வீட்டுக்கு அதெல்லாம் எதுக்கு?”

“யாரும் தூக்க வேணாம் அத்தை. யாரும் பாக்கவும் வேணாம்.”

கடைசி வார்த்தை யாருக்குச் சொன்னது என்று உள்ளே இருந்த இன்னாசிக்குத் தெரிந்தது. காது சுட்டது. ஆனால் அந்த வார்த்தையை அவர் விடவில்லை. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒன்றைக் கட்டுவது என்று ஆனது. சாமான் வாங்க ராமநாதபுரம் போக வேண்டும். “நானும் வாரேன். இரும்பு பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். உண்மைக் காரணம் வேறு. கடையில் நின்று, ‘எங்க மாமாவுக்கு, அவரால எந்திரிக்க முடியாது’ என்று அவள் சொல்லிவிடக் கூடாதே.

ரயிலில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது அவர் கடலைப் பார்க்கவில்லை. ராமநாதபுரத்தில் குதிரை வண்டி பிடித்து, அரண்மனைப் பக்கம் இருந்த சதக்கத்துல்லாவின் இரும்புக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். வண்டியை விட்டு இறங்கவில்லை. குதிரைக்காக வண்டியில் போட்டிருந்த புல்லுக்கு அடியில் கக்கக் கட்டையைத் தள்ளிவிட்டார். புஷ்பமேரி பார்த்துவிட்டுக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சதக்கத்துல்லா பருத்த மனிதர். நாலு கடைக்குக் கேட்கும் குரல். குளிக்கிற பீப்பாவுக்குப் பூவாளியும் குழாயும் வேண்டும் என்று புஷ்பமேரி வண்டியிலிருந்தே கேட்டாள். “ஏன் வண்டியிலயே ஒக்காந்திட்டீக? சரி, நாமளே வாரோம், கடல்கரை ஆளுகன்னா எங்களுக்கு ராசா” என்று சாமான்களை அள்ளிக்கொண்டு வண்டியண்டை வந்துவிட்டார். தெருவில் போனவர்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கைக்கு நின்றார்கள்.

“குளிக்கிற அறைக்கா? பேஷ். யாருக்கு?”

புஷ்பமேரி வாயைத் திறப்பதற்குள் இன்னாசி சொன்னார்: “எங்க அய்யாவுக்கு.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அய்யா மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம். பக்கத்தில் புஷ்பமேரி அசையாமல் இருந்தாள்.

“வாப்பாவுக்கா! இந்தக் காலத்துல பெத்தவுகளுக்கு இம்புட்டுச் செய்யிற புள்ள எங்க இருக்கு?” என்று தெருவில் நின்றவர்களையும் சாட்சிக்கு இழுத்தார் சதக்கத்துல்லா. அவர்கள் தலையாட்டினார்கள். இன்னாசி குதிரையின் வாலைப் பார்த்தார்.

தட்டு அகலத்தில் ஒரு பித்தளைப் பூவாளித் தலையைக் கையில் எடுத்தார் இன்னாசி. அழகாக இருந்தது.

“அது பங்களாவுக்கு. மாடி மேல தொட்டி இருந்தாத்தான் ஊத்தும். உங்க பீப்பா உசரத்துக்கு அது சொட்டுச் சொட்டா அழும், குளிக்கிறவரும் கூடச் சேந்து அழணும். இந்தச் சின்னத பாருங்க.”

சின்னதை எடுத்தார்கள். குழாயைத் திறக்கத் திருகு வைத்தது ஒன்று, நீளமான பிடி வைத்தது ஒன்று. திருகு சோப்புக் கையில் வழுக்கும், பிடி வைத்ததை முழங்கையால் தட்டினாலே போதும் என்று சதக்கத்துல்லா காற்றில் முழங்கையை வீசிக் காட்டினார். இன்னாசி இரண்டையும் திறந்து மூடிப் பார்த்துப் பிடி வைத்ததை எடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிற மாதிரித் தாழ்வாக வைக்க வேண்டும் என்றாள் புஷ்பமேரி. சோப்பு வைக்க ஒரு தகரப் பெட்டி. இதெல்லாம் அவருக்குப் பிடித்தே இருந்தது. யாருக்கோ வாங்குவது போல வாங்குவதில் ஒரு சுகம் இருந்தது.

பிறகு சதக்கத்துல்லா அந்தக் கம்பியை எடுத்துவந்தார். முழ நீளத்துக்கு மேல் இருந்த இரும்புக் குழாய், இரண்டு முனையும் வளைந்து, சுவரில் முடுக்க வில்லை வைத்தது. வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் அதே வெள்ளைதான். இன்னாசிக்கு அந்த வார்டின் டிஞ்சர் வாடை மூக்கில் ஏறியது.

“இதுதான் முக்கியம். மத்தது இல்லாட்டியும் இது வேணும்.”

“வேணாம்” என்றார் இன்னாசி. “எங்க அய்யா கடல்ல கெடந்த ஆளு. கம்பியத் தொத்திக்கிட்டு எந்திரிக்க அவரு சீக்காளி இல்ல. கயிறு போதும்.”

“மாமா, கம்பி இருந்தா...”

“கயிறு போதும்னேன்.”

புஷ்பமேரி தலையைக் குனிந்துகொண்டாள். சதக்கத்துல்லா கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “சரி, அவுக இஷ்டம். வாப்பா பேரு என்ன? வெள்ளிக்கிழமை தொழுகையில துஆ கேக்குறேன்” என்றார்.

“அதெல்லாம் எதுக்கு...”

“அட, பேரச் சொல்லுங்க.”

“சூசை.”

“சூசை” என்று ஒருதரம் சொல்லி மனசில் போட்டுக்கொண்டார் அவர்.

திரும்புகிற ரயிலில் புஷ்பமேரி கேட்டாள்: “தாத்தா பேரு சூசையா மாமா? எனக்குத் தெரியாது.” அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவர் கோபப்பட்டிருக்கலாம்.

வீட்டுப் பின்பக்கம் கடற்பாறைக் கல்லால் ஒரு சுவர் எழுந்தது, மற்ற பக்கங்களுக்கு ஓலைத் தட்டி. தரைக்குச் சொரசொரப்பான சிமிட்டி. பனங்கால்கள் மேல் தார்ப் பீப்பா. கயிறு மட்டும் இன்னாசியின் வேலை. நல்ல தென்னங்கயிறு எடுத்து, மூன்று புரியாக முறுக்கி, பிடித்து ஏறுவதற்கு வாகாக இடையிடையே முடிச்சிட்டு, மேலே போட்ட பனஞ்சட்டத்தில் கட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் விரல்கள் வேலை செய்தன. யாக்கோபு வந்து பார்த்து, இழுத்துப் பார்த்து, “முடிச்சுன்னா இது முடிச்சு மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் குளியலுக்கு அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். வெயிலில் கிடந்த பீப்பாத் தண்ணீர் இளஞ்சூடாக இறங்கியது. தன் காலைத் தானே பார்த்துத் தானே தேய்த்தார். ஈரக் கோவணத்தை ஒற்றைக் கையால் மாற்றுவது பெரும்பாடு என்பதால் எல்லாவற்றையும் களைந்துவிட்டே உட்கார்ந்தார். அதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. புஷ்பமேரி அடுப்படி ஓரம் பாத்திரம் விளக்குகிறாள். தேவைக்கு அதிகமான சத்தம். சட்டி மேல் சட்டி, குடத்தின் மேல் கரண்டி. நான் இங்கே தள்ளி இருக்கிறேன், உங்கள் பக்கம் என் காதுகூட இல்லை என்று பாத்திரங்களை விட்டுச் சொல்கிறாள். தினமும் அவர் உள்ளே போனதும் அந்தச் சத்தம் தொடங்கும். வெளியே வந்ததும் நிற்கும்.

அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். யாக்கோபுக்கு அருகிலேயே போய் உட்கார்ந்தார்.

வத்தையில் ஒரு கயிற்றைப் பிடித்தால் கயிறு நிற்கும், கீழே தளம்தான் ஆடும். ஆடுகிற தளத்துக்கு ஈடாக உடம்பைச் சாய்க்க அவருடைய இரண்டு காலுக்கும் தெரிந்திருந்தது. அத்தனை வருடமும் கயிறு அவர் கையை ஏமாற்றியதே இல்லை. அதனால்தான் கையும் யோசிக்கவில்லை. இங்கே தரை நின்றது, கயிறு ஆடியது. சில நாள் தப்பிப் பிழைத்தார். பிறகு ஒருநாள் சோப்பு நுரையோடு எழும்பக் கயிற்றைப் பற்றி இழுத்தபோது, அது அவரைத் தூக்குவதற்குப் பதில் அவரோடு கூடவே வந்தது. ஒற்றைக் கால் வழுக்கியது. பலகை ஒரு பக்கம் கவிழ, அவர் மறுபக்கம் சிமிட்டியில் சரிந்தார்.

வலி பெரிதில்லை. முழங்கை உரிந்திருந்தது. ஆனால் எழ முடியவில்லை. துண்டு தட்டியின் மேல் கிடந்தது, கை எட்டவில்லை. குழாய்ப் பிடியும் எட்டவில்லை. மேலேயிருந்து தண்ணீர் பூவாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே கயிறு, ஒன்றும் அறியாததுபோல, முடிச்சுகளோடு ஆடிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டிருக்கலாம். வெளியே பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் விழுந்த சத்தத்தை விழுங்கியதும் அதுதான். ‘தாயி’ என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை நெஞ்சு வரை வந்தது. அம்மணமாகக் கிடந்துகொண்டு மருமகளைக் கூப்பிடுவதா? வாயைத் திறந்தால் அந்தக் குரலிலேயே தன் அம்மணம் தெரிந்துவிடும் என்று தோன்றியது. தண்ணீர் கொட்டும்வரை குளிக்கிறார் என்று நினைப்பாள். அதற்குள் எப்படியாவது எழுந்துவிட வேண்டும். புரண்டார். ஊர்ந்தார். அந்தப் பெண் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக வாழையடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் மெலிந்தது, சொட்டியது, நின்றது. கொஞ்சம் கழித்துப் பாத்திரமும் நின்றது.

“மாமா?”

இன்னாசி துண்டை நோக்கி இன்னொரு முறை ஊர்ந்தார்.

“மாமா, தண்ணி நின்னுருச்சே?”

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். வெளியே கால்கள் ஓடும் சத்தம். பிறகு தட்டிக்கு மேலாக ஒரு துணி பறந்து வந்து அவர்மேல் விழுந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய புடவை.

“மேல போட்டுக்கிட்டுச் சொல்லுங்க, வாரேன்.”

போட்டுக்கொண்டார். சொல்லவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவளே வந்தாள். முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக நடந்து வந்து, அவர் பக்கம் திரும்பாமலே மண்டியிட்டு, “தோளப் பிடிங்க மாமா” என்றாள். மருமகளின் புடவையைச் சுற்றிக்கொண்டு, மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டு, பாய்மரம்போல வளர்ந்த மனிதர் எழுந்தார். வாசற்படியில் யாகப்பம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரிடம் யாகப்பம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

“கூப்புட்டா என்ன? வாயில என்ன வச்சிருந்தீக?”

அவர் சுவரை நகத்தால் சுரண்டினார்.

“உள்ளயே கெடந்து செத்துப்போயிருந்தா?”

“செத்திருக்கலாம்.”

“அப்பவும் அவதான வந்து பாத்திருக்கணும்” என்றாள் யாகப்பம்மாள்.

இன்னாசி சுரண்டுவதை நிறுத்தினார். சுவரைப் பார்த்தபடியே, “புஷ்பத்துக்கிட்டச் சொல்லு. நாளைக்கு ராமநாதபுரம் போகணும்” என்றார்.

சதக்கத்துல்லா கடை முன்னால் வண்டி நின்றதும் இன்னாசி புல்லைத் தள்ளிவிட்டுக் கட்டையை எடுத்தார். இறங்கினார். தெருவில் கட்டை ஊன்றும் சத்தம் அவர் காதுக்குப் பறையடிப்பதுபோல் கேட்டது.

“வாங்க, வாங்க! வாப்பா எப்புடி இருக்காக?” சதக்கத்துல்லா கல்லாவிலிருந்தே கூவினார். “கயிறு ஒத்துக்கிருச்சா? நான் மறக்கல, ரெண்டு ஜும்மாவுலயும் அவுக பேரச் சொல்லித் துஆ கேட்டேன். சூசைதான?”

கட்டையைக் கண்டதும் அவர் குரல் பாதியில் தேய்ந்தது.

ஆணி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக்காரனும் பார்த்துக்கொண்டிருந்தான். தான் நின்றிருப்பது சட்டை வேட்டியோடுதான் என்பதை இன்னாசி ஒருமுறை தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

“எங்க அய்யா செத்து ரொம்ப வருசமாச்சு” என்றார். “அன்னைக்குக் கேட்டது எனக்குத்தான். அந்தக் கம்பிய எடுங்க.”

சதக்கத்துல்லா தாடியைத் தடவினார். பிறகு, “துஆ வீணாப் போகல. விலாசந்தான் மாறிப்போச்சு” என்று சொல்லிவிட்டு ஆணிப்பெட்டி ஒன்றை இழுத்து நடுக்கடையில் போட்டார். “இப்புடி ஒக்காருங்க. எந்த உசரத்துல கம்பி வேணும்னு பாக்கணுமே. அன்னைக்கு உங்கள எறங்கச் சொல்லியிருந்தா அன்னைக்கே பாத்திருப்பேன்.”

“இங்கனயா?”

“வேற எங்கன? வீட்டுக்குப் போயி மேல கீழன்னு சொவத்த ஓட்ட போடுவீகளா?”

இன்னாசி பெட்டிமேல் உட்கார்ந்தார். இடது கால் நீட்டிக்கொண்டு நின்றது. புஷ்பமேரி கம்பியின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு சுவரைப்போல் பக்கத்தில் நின்றாள். அவள் பார்வை தெருவில் இருந்தது.

“இப்பக் குளிச்சு முடிச்சாச்சு, எந்திரிக்கிறீக. கை எங்க போகுது?”

கை எழவில்லை. பட்டப்பகல் கடைத்தெருவில், இத்தனை கண்களுக்கு நடுவில், ஓலைத் தட்டிக்குள் தான் செய்வதைச் செய்து காட்ட வேண்டும். உடுத்தியிருந்தும் உரித்துவிட்டதுபோல இருந்தது. கழுத்திலிருந்து வேர்வை இறங்கியது. ஆணி வாங்க வந்தவர்களில் ஒருவன் மற்றவன் காதில் ஏதோ சொன்னான்.

கையை நீட்டினார். கம்பியைத் தொட்டது.

“எட்டுது, பலம் வரல” என்றார் சதக்கத்துல்லா. “கொஞ்சங் கீழ எறக்கு தாயி. இப்ப எந்திரிங்க.”

இன்னாசி எழுந்தார். பாதியில் தடுமாறினார். அவர் கனம் முழுக்கக் கம்பி வழியாகப் புஷ்பமேரியின் மணிக்கட்டுக்குப் போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் நேராக நின்றுவிட்டார்.

“இதான் உசரம். கம்பி எங்கன வருதுன்னு ஒன் மேல ஒரு அடையாளம் வச்சுக்கம்மா” என்றார் சதக்கத்துல்லா. புஷ்பமேரி தன் இடுப்பை ஒட்டி, புடவையில் விரலால் தொட்டுக் குறித்துக்கொண்டாள். “இங்கன வருது மாமா.”

“ம்” என்றார் இன்னாசி. வண்டியில் ஏறிய பிறகும் அவர் காது சிவந்தே இருந்தது. யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வருவதுபோல ஸ்டேஷன் வரைக்கும் முதுகு கூசியது.

கல்சுவரில் கம்பியை முடுக்கினார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி யாகப்பம்மாள் சத்தம் போட்டாள். இன்னாசி அதைப் பாதியில் அறுத்து, கை எட்டும் உயரத்தில் நிறுத்தி, சோப்புப் பெட்டியை அதில் கட்டித் தொங்கவிட்டார். அது ஆடட்டும், பரவாயில்லை.

அன்று அவர் உள்ளே போனதும் பாத்திரச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. உடுப்பைக் களைந்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார், குழாயைத் திறக்காமல். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தட்டிக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் அரிசி புடைக்கிற மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. காதுகேட்கும் தூரத்தில், வேண்டுமென்றேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு மறுபடியும் உடம்பெல்லாம் கூசியது. முழங்கையால் குழாயைத் தட்டினார். குளித்தார். கண்ணைத் திறந்தும் மூடியும் குளித்தார். முடித்துவிட்டுக் கம்பியைப் பிடித்தார். கல்சுவரோடு அது ஒட்டி நின்றது.

முறம் நின்றது.

“மாமா, கம்பி ஆடுதா?”

இன்னாசி அப்படியே நின்றார். மேலே துணி இல்லை, கையில் இரும்பு. தண்ணீர் முதுகு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. துண்டு தட்டியின் மேல் கிடந்தது. இந்தத் தடவை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துச் சுற்றிக்கொண்டு பதில் சொல்லலாம்.

அவர் துண்டைத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார். குரல் அவருக்கே அந்நியமாக, மெலிதாக வந்தது.

“ஆடல தாயி.”

முறம் மறுபடி புடைக்கத் தொடங்கியது.